நமது கறுப்பு மண்ணைப் படிக்க நமது பிள்ளை வேண்டும்



ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஓ.எல். எழுதிவிட்டு ஏ.எல்.லில் எந்தப் பிரிவு எடுப்பது என்று யோசிக்கிற பிள்ளை உள்ள வீடுகளில் கட்டாயம் வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

மாரி முடிந்து கடல் அடங்கிய ஒரு காலையில் ஒன்பதாம் தரப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். விஞ்ஞான பாடத்தில் கலவைகளைப் பிரிப்பது பற்றிப் படிப்பிக்க வேண்டியிருந்தது. கரையில் வழமைபோல கறுப்புக் கோடுகள் படிந்து கிடந்தன. ஒரு மாணவன் பழுதான கணினி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். அதை அந்தக் கோட்டின் மேல் இழுத்தான். கறுப்பு மணிகள் பையோடு ஒட்டிக்கொண்டு வந்தன. வெள்ளை மணல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"சேர், புல்மோட்டையில கப்பல்ல ஏத்துறது இதத்தானே? இத என்னத்துக்கு வாங்குறாங்க?"

"பெயின்ட் செய்ய" என்றோம்.

"அப்ப ஏன் சேர் நாம பெயின்ட் செய்யல்ல?"

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தோம். அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம்மிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். புல்மோட்டைக் கனிய மணல் படிவு நமது குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் இருக்கிறது. உலகிலேயே செழிப்பான கடற்கரைக் கனியப் படிவுகளில் இதுவும் ஒன்று. 1957 இல் இதற்கென்றே ஓர் அரச கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. இன்று அது லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற அரச கம்பனியாக இயங்குகிறது. யுத்த காலத்தில் 1997 செப்டம்பரில், இந்த மண்ணை ஏற்ற வந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயுதம் ஏந்தியவர்களுக்கும் இந்த மண்ணின் பெறுமதி தெரிந்திருந்தது. நமக்கு எவ்வளவு தெரியும்?

அந்தக் கறுப்பு மண் ஒரே பொருள் அல்ல. அதில் பெரும்பங்கு இல்மனைட். அது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். அதோடு ரூட்டைல், சேர்க்கோன், கொஞ்சமாக மொனசைட் எல்லாம் கலந்திருக்கின்றன. எல்லாம் கண்ணுக்கு மண். பிரிப்பது எப்படி?

சாதாரண வெள்ளை மணல் அதே கனவளவு நீரைப்போல ஏறக்குறைய 2.65 மடங்கு பாரம். இல்மனைட் 4.7 மடங்கு. எனவே தண்ணீரோடு சுழற்றி ஓடவிட்டால் வெள்ளை மணல் விலகிப்போகும், பாரமானது தங்கும். சுளகில் அரிசி புடைக்கும் நமது உம்மாமார் செய்வதும் இதே வேலைதான், அங்கே தண்ணீருக்குப் பதில் காற்று. ஆனால் சேர்க்கோனும் இல்மனைட்டும் கிட்டத்தட்ட ஒரே பாரம். அங்கே தண்ணீர் உதவாது, காந்தம் உதவும். பலமான காந்தம் இல்மனைட்டை இழுத்துவிடும், சேர்க்கோனும் ரூட்டைலும் மிஞ்சும். அவற்றைப் பிரிக்க மின்சாரம். ரூட்டைல் மின்னைக் கடத்தும், சேர்க்கோன் கடத்தாது. உயர் மின்னழுத்தம் கொடுத்த உருளையில் இரண்டையும் விழவிட்டால் இரண்டும் வேறு வேறு பக்கம் போய் விழும்.

பாரம், காந்தம், மின் என்று மூன்று குணங்களை வைத்து மூன்று பொருளைப் பிரித்தாயிற்று. ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது, அதனால் அது எப்படி நடந்துகொள்கிறது, அதை எப்படிப் பக்குவப்படுத்தினால் நமக்குப் பயன்படும் என்று படிக்கிறவர்தான் பொருள் விஞ்ஞானி. தமிழில் பொருள் என்றால் சாமான். பொருள் என்றால் செல்வம். பொருள் என்றால் அர்த்தம். இந்தத் தொழிலுக்கு மூன்றும் பொருந்தும்.

இது வெள்ளைக்காரனின் படிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆயிரம் வருடத்துக்கு முன்பே அல்-பிரூனி உலோகங்களையும் இரத்தினக் கற்களையும் தண்ணீரில் அமிழ்த்தி, வெளியேறும் நீரை நிறுத்து, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் கண்டு எழுதிவைத்தார். நமது நாட்டிலும் ஆனந்த குமாரசுவாமி இருந்தார். அவரைக் கலை அறிஞர் என்றுதான் பலருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர். தோரியனைட் என்ற புதிய கனியம் 1904 இல் இந்த மண்ணிலிருந்து உலகுக்குத் தெரியவந்ததும் அவரால்தான்.

டைட்டேனியம் கண்டுபிடிக்கப்பட்ட கதையை ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1791 இல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், மனாக்கன் என்ற கிராமத்து ஓடையில் கறுப்பு மணல் கிடப்பதைக் கண்டார். காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டியது. அமிலத்தில் கரைத்து இரும்பைப் பிரித்தார். மிஞ்சியது அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பொருள். அதுதான் டைட்டேனியம். அந்தப் பெயரை 1795 இல் கிளாப்ரோத் என்ற ஜேர்மானியர் வைத்தார். சுத்தமான உலோகமாக அது கையில் கிடைத்தது 1910 இல்தான். அவ்வளவு காலம் எடுத்தது. ஆனால் தொடக்கம் ஒரு கிராமத்து மனிதர், ஒரு காந்தம், கொஞ்சம் கறுப்பு மணல். இந்த மூன்றில் நம்மிடம் இல்லாதது எது?

சரி, இல்மனைட் எப்படி பெயின்ட் ஆகிறது? உள்ளே இருக்கும் இரும்பை நீக்கினால் டைட்டேனியம் டயொக்சைட் கிடைக்கும். கறுப்பு மண்ணுக்குள்ளிருந்து தூய வெள்ளை. ரூட்டைல் வடிவத்தில் அதன் ஒளிமுறிவுச் சுட்டி வைரத்தினதை விடவும் அதிகம். அதனால்தான் மெல்லிய ஒரு பூச்சே பின்னால் உள்ள சுவரை மறைத்துவிடுகிறது. பெயின்டில், பிளாஸ்டிக்கில், கடதாசியில், பற்பசையில் எல்லாம் இது இருக்கிறது. சேர்க்கோன் டைல்ஸின் வெள்ளைப் பளபளப்புக்குப் போகிறது. பள்ளிவாசல் ஹவுழைச் சுற்றி நாம் பதித்திருக்கும் வெள்ளை டைல்ஸுக்கும் இப்படிப்பட்ட மண்ணுக்கும் உறவு உண்டு. டைட்டேனியம் உலோகமானால் விமானத்துக்கும், உடைந்த எலும்பைத் தாங்கும் தகட்டுக்கும் போகும். மொனசைட்டில் நியோடைமியம் என்ற தனிமம் இருக்கிறது. அன்று அந்தப் பிள்ளை கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க் காந்தம் அந்தத் தனிமத்தில் செய்ததுதான்.

மண்ணாக விற்கிறோம். டின்னாகவும் பெட்டியாகவும் வாங்குகிறோம். நடுவில் இருப்பது அறிவு. அந்த அறிவுக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

"அப்படியானால் இங்கேயே ஒரு பெற்ரறியைப் போடட்டும்" என்று உடனே சொல்வோம். சொல்வது லேசு. நேர்மையாகக் கதைப்போம். இல்மனைட்டைச் சல்பூரிக்கமிலத்தில் கரைக்கும் முறையில் பெருந்தொகை அமிலக் கழிவும் இரும்புச் சல்பேற்றும் வெளியே வரும். குளோரீன் முறைக்கு ஏறக்குறைய 1000 பாகை வெப்பமும், கசிந்தால் உயிரையே குடிக்கும் வாயுவும் தேவை. மின்சாரம், தண்ணீர், சந்தை எல்லாம் வேண்டும். கழிவைக் கடலில் விட்டால் கரைவலைக்காரன் எங்கே போவான்?

கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் சவறை என்ற இடம் இருக்கிறது. நமது மண் போன்றதே அங்கும். மாநில அரசின் நிறுவனம் ஒன்று அங்கேயே டைட்டேனியம் டயொக்சைட் செய்கிறது. 2011 இல் விண்வெளித் துறையின் துணையோடு டைட்டேனியம் ஸ்பொஞ்ச் ஆலையும் தொடங்கியது. அது ஒரு பக்கம். மறுபக்கம், அதே கரையில் உள்ள ஆலப்பாடு என்ற மீன்பிடிக் கிராமத்து மக்கள், மணல் அள்ளி அள்ளித் தங்கள் நிலத்தைக் கடல் கொண்டுபோகிறது என்று 2018, 2019 இல் போராடினார்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கேதான் நமக்கு ஆள் இல்லாத குறை தெரிகிறது. மணல் அகழ்வு பற்றிய பேச்சு வந்தால் ஊரில் இரண்டு கட்சி. ஒன்று, "வேலை தாருங்கள்" என்று கேட்கும். மற்றது, "அள்ளாதே" என்று சொல்லும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்திலும் கையில் தரவு இல்லை. பெரிய திட்டம் ஒன்று வந்தால் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துச் சொல்ல அவகாசம் கொடுப்பது இந்த நாட்டின் சட்டம். அந்தத் தடித்த அறிக்கையை எடுத்து, எந்தப் பக்கத்தில் எந்த எண் பிழை என்று விரல் வைத்துக் காட்ட நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? மொனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிர்வீசும் பொருள். இதைக் கேட்டதும் ஒருவர் ஊரையே பயமுறுத்துகிறார், இன்னொருவர் ஒன்றுமே இல்லை என்கிறார். அளந்து பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் வீண் பயமும் இருக்காது, மூடிமறைப்பும் இருக்காது.

விற்பனையிலும் இதே கதைதான். இல்மனைட்டில் டைட்டேனியம் டயொக்சைட் எத்தனை வீதம், இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்குவான். குரோமியம் கொஞ்சம் கூடினாலும் செய்யப்போகும் வெள்ளை நிறம் கெட்டுவிடும், விலை குறையும். தன் மண்ணின் தரத்தைத் தானே அளக்கத் தெரியாதவன், வாங்குகிறவன் சொல்லும் தரத்துக்குத்தான் விற்க வேண்டும்.

பொருள் விஞ்ஞானியின் வேலை புல்மோட்டையோடு முடிவதில்லை. நமது வீடுகளைப் பாருங்கள். கடற்கரை ஓரத்தில் கட்டிய கொங்கிரீட் தூண்கள் கொஞ்சக் காலத்திலேயே வெடித்து, உள்ளே கம்பி கறள் பிடித்துத் தெரிகிறது. நாம் மேசனைத் திட்டுகிறோம், அல்லது கண்ணூறு என்கிறோம். உண்மையில் நடப்பது இதுதான்: கழுவாத கடல் மண்ணாலும் உப்புக் காற்றாலும் உப்பு கொங்கிரீட்டுக்குள் போகிறது. கம்பியைக் காத்துக்கொண்டிருந்த மெல்லிய படலத்தை அது உடைக்கிறது. கம்பி கறளாகும்போது இரும்பு இருந்ததை விடக் கூடிய இடத்தைக் கறள் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளும். தூண் வெடிக்கும். வெடிப்பின் மேல் சீமெந்து பூசினால் கறள் நிற்குமா? காரணம் தெரிந்தவர் முன்கூட்டியே சொல்வார்: மண்ணைக் கழுவு, கம்பிக்கு மேல் கொங்கிரீட் கனமாக இருக்கட்டும், தண்ணீரை அளவாக ஊற்று. இந்த மூன்று சொல் தெரிந்திருந்தால் எத்தனை பேருடைய வெளிநாட்டுச் சம்பாத்தியம் மிஞ்சியிருக்கும்?

சரி, இந்த வேலைக்கு என்ன திறமை வேண்டும்? ஏதோ மந்திரத் திறமை இல்லை. நாங்கள் வகுப்பறையில் தினமும் காணும் திறமைகள்தான்.

ஒன்று, கூர்ந்து பார்ப்பது. முறிந்த ஒரு கம்பியின் வாயைப் பார்த்தே அது இழுபட்டு முறிந்ததா, மெல்ல மெல்லக் களைத்து முறிந்ததா என்று சொல்வார்கள். நுணுக்குக்காட்டியும் எக்ஸ் கதிரும் பின்னால் வரும், முதலில் கண்.

இரண்டு, பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் மூன்றையும் ஒரே தலையில் வைத்திருப்பது. பொருளுக்கு எது எந்தப் பாடம் என்று தெரியாது.

மூன்று, பொறுமையோடு எழுதிவைப்பது. என்ன வெப்பம், எவ்வளவு நேரம், என்ன கிடைத்தது என்று. தோற்றுப்போன பரிசோதனையையும் எழுத வேண்டும். தோற்றதை மறைப்பவர் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டார்.

நான்கு, கை வேலை. அரைக்க, உருக்க, தேய்க்க, அழுத்திப் பார்க்கக் கூச்சப்படக் கூடாது. வோட்டுக்கு வைண்டிங் செய்யும், மோட்டார் கழற்றிப் பூட்டும் நமது பையன்களிடம் இது தாராளமாக இருக்கிறது. அதைத்தான் நாம் "படிக்காமல் குழப்படி செய்கிறான்" என்கிறோம்.

ஐந்து, விளங்கப்படுத்துவது. ஆலைத் தொழிலாளிக்கும் சொல்ல வேண்டும், அமைச்சருக்கும் சொல்ல வேண்டும். நமது நாட்டில் மூன்று மொழியும் தெரிந்த பிள்ளைக்கு இது பெரும் பலம்.

வழியும் இருக்கிறது. ஏ.எல்.லில் கணிதப் பிரிவு. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் பொருள் விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை உண்டு. பௌதிகவியலோ இரசாயனவியலோ பட்டம் பெற்றும் இந்தத் துறைக்குள் போகலாம். பிரயோக விஞ்ஞான பீடம் நமக்குப் பக்கத்தில் நிலாவெளி கோணேசபுரி வளாகத்திலேயே இருக்கிறது, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், டைட்டேனியம் டயொக்சைட்டைக் கொண்டு சூரியக் கலம் செய்வது பற்றி ஆராய்ந்தவர். கண்டியில் கீர்த்தி தென்னக்கோன் என்ற விஞ்ஞானியும் அதே வகைச் சூரியக் கலங்களில் உலகம் அறிந்த வேலை செய்திருக்கிறார். 2008 இல் தொடங்கிய, ஹோமாகமவில் உள்ள நனோ தொழில்நுட்ப நிறுவனத்தில் இல்மனைட்டிலிருந்து டைட்டேனியம் டயொக்சைட் எடுக்கும் முறைகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, நமது மண்ணைப் பற்றி நாடெங்கும் யோசிக்கிறார்கள். அந்த மேசையில் குச்சவெளிக்காரப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நமது ஆசை.

சில பெற்றோர் கேட்பார்கள்: "டொக்டருக்குப் படிக்கட்டுமே சேர், அதுதானே நிச்சயம்?" டொக்டர் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒரு ஊர் முழுக்க இரண்டே கனவோடு இருந்தால், அந்த இரண்டுக்கும் எட்டாத பிள்ளை தன்னைத் தோற்றவன் என்று நினைத்துவிடுகிறான். அந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்த அன்று நாங்கள் பார்க்கிறோம்.

"படித்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விடுவானே?" போகலாம். இன்று படிக்காமலேயே கட்டாருக்குப் போகிறான்தானே? படித்துப் போனவன் திரும்பி வராவிட்டாலும், ஓர் அறிக்கையை அனுப்பி "இதைப் பார்த்துச் சொல்லு மகன்" என்று கேட்கலாம். அது சின்ன விடயமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிழை பெற்றோரிடம் மட்டும் இல்லை. ஆசிரியர்களாகிய எங்களிடமும் இருக்கிறது. காந்தத்தைக் கரும்பலகையில் கீறிக் காட்டிவிட்டு, பக்கத்தில் கடற்கரை இருந்தும் எத்தனை வருடம் பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல் இருந்தோம்! கேள்வி கேட்ட பிள்ளையை "சோதினைக்கு இது வராது" என்று உட்காரவைத்தவர்களும் நாங்கள்தான்.

அதனால் நமது வேண்டுகோள்கள் பெரியவை அல்ல.

பெற்றோரே, கணிதம் கஷ்டம் என்று ஒன்பது, பத்தில் பிள்ளை சொல்லும்போதே கவனியுங்கள். ஏ.எல். நேரம் வந்து யோசித்தால் பிந்திவிடும். பெண்பிள்ளைக்குக் கலைப் பிரிவுதான் பொருத்தம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். ஆய்வுகூடத்தில் அமைதியாக, துப்புரவாக, எண்ணம் சிதறாமல் வேலை செய்வதில் எங்கள் வகுப்புகளில் முதலில் நிற்பது அவர்கள்தான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, நலன்புரிச் சங்கத்தினரே, கணிதப் பிரிவு படிக்க வெளியூர் போகும் பிள்ளையின் பஸ் செலவையும் தங்குமிடத்தையும் ஒரு செலவுத் தலைப்பாகவே வையுங்கள். வருடம் இரண்டு பிள்ளை போதும்.

வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நமது பிள்ளைகளே, விடுமுறையில் வரும்போது ஒரு நாள் பாடசாலைக்கு வாருங்கள். நீங்கள் படித்ததை ஊர்ப் பாஷையில் சொல்லுங்கள்.

மணல் ஆலைக்குப் பொறுப்பானவர்களிடம் மரியாதையாக ஒரு கோரிக்கை. நமது பிரதேசத்தின் மாணவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து, பிரிப்பு எப்படி நடக்கிறது என்று தமிழில் காட்டுங்கள். திரியாய், தென்னமரவடித் தமிழ்ப் பிள்ளையானாலும், சிங்களக் குடியேற்றத்துப் பிள்ளையானாலும், நமது பிள்ளையானாலும் எல்லாரும் ஒன்றாக வரட்டும். மண்ணுக்கு இனம் இல்லை.

அடுத்த மாரியிலும் கடல் அந்தக் கறுப்பு மணலைக் கரைக்குக் கொண்டுவந்து போடும். அது அல்லாஹ்வின் அருட்கொடை. அதை என்ன செய்வது என்பது நமது பொறுப்பு.

"ஏன் சேர் நாம செய்யல்ல?" என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது நமது பதில் இதுதான்: மண்ணும் இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது மகன். அதைப் படித்த ஆள்தான் இன்னும் இல்லை. நீயே அந்த ஆளாக வா. பஸ் காசை ஊர் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கடைசி வசனத்தை உண்மையாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். எழுதுவதை விட, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் நின்று கதைத்தால் இன்னும் நல்லது.

வஸ்ஸலாம்.